பக்கத்து மனை சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் நமக்கு உதவுமா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, அப்பா மேடவாக்கத்துல ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கார். பக்கத்து மனைக்காரங்ககிட்ட சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு, அதையே வெச்சு வேலையை ஆரம்பிச்சிடலாம்னு மேஸ்திரி சொல்றார். செய்யலாமா?"

வேண்டாம். ஏன்னு சொல்றேன். சொந்த மனையில எடுத்த ரிப்போர்ட்டுக்கே ஒரு எல்லை இருக்கு.

ஒரு கிரவுண்டுன்னா 2400 சதுர அடி. அதுல 150 மில்லிமீட்டர் அகலத்துல ரெண்டு துளை போடுறாங்கன்னு வைங்க. கணக்குப் போட்டா, மனையோட பரப்புல ஆறாயிரத்துல ஒரு பங்கைத்தான் பார்த்திருக்கோம். மீதியெல்லாம் இன்ஜினியரோட ஊகம். படிச்ச, அனுபவமுள்ள ஊகம்தான், ஆனாலும் ஊகம். ரிப்போர்ட்ல ரெண்டு துளைக்கும் நடுவுல கோடு போட்டு "களிமண்", "மணல்"னு படம் வரைஞ்சிருப்பாங்களே, அந்தக் கோட்டை யாரும் கண்ணால பார்க்கல.

துளைக்குள்ளயும் முழுசா பார்க்கிறதில்ல. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடின்னு எண்ணுவாங்க. அந்த எண்தான் 'என் வேல்யூ'. பொதுவா ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை இந்தச் சோதனை. நடுவுல அரை மீட்டர் கொழகொழன்னு களி இருந்தா, துளை போடுறவர் கவனிக்கலேன்னா தப்பிச்சுப் போயிடும். குழாய் ஒரு கல்லுல முட்டினா எண் எகிறி, மண் கெட்டின்னு தோணும்.

மேடவாக்கம்னா பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எட்டிப் பார்க்கிற தூரம். அதே தென்சென்னையில பரங்கிமலைப் பக்கம் போனா பாறை. இங்கெல்லாம் பழைய குட்டை, வாய்க்காலை மண்ணடிச்சு நிரப்பி மனை போட்டிருக்கலாம். பக்கத்து மனை குட்டையோட கரையா இருந்து, உங்க மனை குட்டையாவே இருந்திருந்தா? காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் எடுத்த ரிப்போர்ட் அதைச் சொல்லாது.

அடுத்தது தேதி. மே மாசம் துளை போட்டா தண்ணி 4 மீட்டர் ஆழத்துல நிக்குதுன்னு வைங்க. வடகிழக்குப் பருவமழை முடியறப்போ அது 1 மீட்டருக்கு வந்திருக்கலாம். மணல்ல ஃபவுண்டேஷன் மட்டம் வரைக்கும் தண்ணி ஏறினா தாங்குதிறன் கிட்டத்தட்ட பாதியாகிடும். நல்ல இன்ஜினியர் மழைக்காலத்தை மனசுல வெச்சுத்தான் எண் கொடுப்பார். கொடுத்திருக்காரான்னு கேட்டுக்கணும்.

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல ரொம்ப நடக்கிறது. 'சதுர மீட்டருக்கு 10 டன்'னு ரிப்போர்ட்ல இருந்தா, அதை மண்ணோட பிளட் குரூப் மாதிரி நினைக்கிறோம். அது குறிப்பிட்ட ஆழம், குறிப்பிட்ட அகலமுள்ள ஃபவுண்டேஷன், இவ்வளவு இறங்கினா பரவாயில்லைங்கிற கணக்கு, எல்லாம் சேர்ந்து வந்த எண். தரைத்தளம், முதல் மாடின்னு சொல்லி டெஸ்ட் எடுத்துட்டு, அப்புறம் தம்பிக்கு ஒரு மாடி, வாடகைக்கு ஒரு மாடின்னு ஏத்தினா, அந்த ரிப்போர்ட் வேற ஒரு வீட்டுக்கு எழுதினது.

கடைசிப் பக்கத்துல "இந்த முடிவுகள் துளையிட்ட இடங்களுக்கு மட்டுமே பொருந்தும்"னு போட்டிருப்பாங்க. தப்பிக்கிறதுக்கு எழுதினதுன்னு நானும் நினைச்சேன். உண்மையில மொத்த ரிப்போர்ட்லயும் அதுதான் ரொம்ப நேர்மையான வரி. வேறமாதிரி மண் வந்தா எங்களைக் கூப்பிடுங்கன்னும் எழுதியிருப்பாங்க, ஆனா ஜேசிபி தோண்டுறப்போ கறுப்புக் களி வந்தா நாம மேஸ்திரியைத்தான் கேக்கிறோம்.

அதனால தம்பி, பக்கத்து ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். டெஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட காட்டுங்க, எங்க துளை போடணும்னு முடிவு பண்ண உதவும். மனையில முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெருவுல பெரியவங்களை விசாரிங்க. எத்தனை மாடி வரும்னு அப்பாகிட்ட இப்பவே பேசிடுங்க. குழி தோண்டினதும், கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி, ரிப்போர்ட் எழுதினவரை ஒரு தடவை வந்து குழியைப் பார்க்கச் சொல்லுங்க. அதுக்குத் தனியா ஃபீஸ் கேப்பாங்க, கொடுத்துடுங்க.