குறையை அன்று, திறனை நோக்கி

கணக்கிலே கூரிய எழுதுவினைஞர் ஒருவர் பொதுமக்களிடம் சினந்து பேசுகிறார். மேலதிகாரி அச்சினத்தைத் திருத்தவே ஆண்டு முழுதும் முயல்கிறார்; கணக்குத் திறனோ கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அலுவலகங்கள் பலவற்றில் இதற்கே மேற்பார்வை என்று பெயர்.

ஊழியரின் திறனையே முதலிற் காணவேண்டும் என்பது முகாமை அறிஞர் பீற்றர் டிரக்கர் 1967இல் வெளியிட்ட நூலின் கருத்து. அதற்கு அவர் காட்டிய சான்று அமெரிக்க உள்நாட்டுப் போர். தளபதி மக்கிளெலன் படையை நன்கு பயிற்றினார். போர் தொடுக்கத்தான் தயங்கினார். அத்தகையோரால் சலிப்புற்ற ஆபிரகாம் லிங்கன், 1864 மார்ச்சில் யுலிசிஸ் கிராண்டைத் தலைமைத் தளபதியாக்கினார். கிராண்ட் குடிப்பவர் என்ற முறைப்பாடு லிங்கன் அறியாததன்று. 1863இல் விக்ஸ்பேர்க் அரணை வீழ்த்தியவர் அவரே என்பதையும் லிங்கன் அறிவார். 1865 ஏப்ரலில் எதிரணித் தளபதி லீ, கிராண்டிடமே சரணடைந்தார்.

அப்படியாயின் குறையைக் காணாது விடுவதா என்று நேயர் சிலர் வினவக்கூடும். அவ்வாறன்று. கிராண்டின் பணிக்குழுவில் ரோலின்ஸ் என்ற அதிகாரி இருந்தார். தளபதி மதுவை அணுகாதபடி காப்பதைத் தம் கடமையாகவே அவர் கொண்டார். சினமுள்ள எழுதுவினைஞருக்கும் கணக்கு மேசையைக் கொடுத்து, பொதுமக்களோடு பேச இன்சொல்லர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தலாம்.