பெயரறியா வீரனின் காவலர்

வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொற்றோமாக் நதியின் மறுகரையில் உள்ளது ஆர்லிங்டன் மயானம். முதலாம் உலகப் போரில் மாண்ட, பெயரறியா அமெரிக்க வீரன் ஒருவன் 1921 நவம்பர் 11இல் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டான். தொடக்கத்தில் அக்கல்லறைக்குக் காவல் இருக்கவில்லை. நகரின் எழிலைக் காண வந்தோர், அதன் பளிங்குக் கல்லின்மேல் அமர்ந்து உணவருந்தினர்! அதனைத் தடுக்கவே 1925இல் காவலாளி ஒருவர் நிறுத்தப்பட்டார். மறு ஆண்டு படைவீரர் வந்தனர். 1937 முதல் இரவும் பகலும் காவல் ஓய்ந்ததில்லை.

கல்லின்மேல் அமர்ந்தவர்கள் போர்க்காலத்தில் வாழ்ந்த தலைமுறையினர். அவர்தம் பேரரின் மக்களோ, காவல் மாறும் வேளையில் வாய்திறவாது எழுந்து நிற்கின்றனர். காலஞ் செல்ல மதிப்புக் குன்றும் என்பார் கூற்று இங்கே பொய்த்துவிட்டது. ஆரவாரஞ் செய்வோர் உளரேல், காவலன் நடையை நிறுத்தி, உரத்த குரலில் அமைதி கோருவான்.

அவன் எடுத்துவைப்பது 21 காலடி. நிற்பது 21 வினாடி. 21 பீரங்கி வேட்டு மரியாதையின் குறிப்பு அது. நடைக்காவலிலே அவன் பதவிச் சின்னம் அணிவதில்லை. துயில்பவனின் பதவி யாதென எவரும் அறியார். அவனிலும் மேலோனாகத் தான் தோன்றலாகாதன்றோ!

வியட்நாம் போரில் மாண்டவனென 1984இல் அங்கு வைக்கப்பட்ட உடல், 1998இல் மரபணுச் சோதனையால் அடையாளங் காணப்பட்டு, குடும்பத்தாரிடம் சேர்ந்தது. அக்குழி இன்று வெறுமையாக இருக்கிறது. காவலன் அதனையும் கடந்தே நடக்கிறான்.