முகவரி மட்டும்தான் போகும்

ஒரு வங்கியின் வட்டிக் கணக்கு கோபோல் மொழியில் இருக்கும். அதற்குத் தேதிகளைச் சரிபார்த்துத் தரும் துணை நிரல், பல பத்தாண்டுகளுக்கு முன் அசெம்பிளரில் எழுதியதாக இருக்கும். பின்னால் சேர்த்த ஒரு பகுதி சி மொழியில் இருக்கும். ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமில் இம்மூன்றும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு ஒரே வேலையாக ஓடுவது சாதாரணம். நடுவில் மொழிபெயர்ப்பாளர் யாரும் கிடையாது.

தேவையும் இல்லை. கம்பைலர் தன் வேலையை முடித்ததும் எந்த மொழியும் இயந்திரக் கட்டளையாகிவிடுகிறது. அதற்குமேல் வேண்டியது, யார் எதை எங்கே வைப்பது என்ற ஏற்பாடு மட்டுமே. 1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்காக அந்த ஏற்பாடு உருவானது. இன்றைய மெயின்ஃப்ரேமிலும் அது செல்லும்.

அந்தக் கணினியில் 0 முதல் 15 வரை 16 பொது ரெஜிஸ்டர்கள். அழைக்கும் நேரத்தில் நான்குக்கு நிலையான வேலை உண்டு. போக வேண்டிய இடத்தின் முகவரி 15-ல். திரும்பி வர வேண்டிய இடம் 14-ல். கொடுக்கும் தரவுகளின் முகவரிப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதை 1 சொல்லும். அழைப்பவர் ஒதுக்கித் தரும் 72 பைட் சேமிப்பிடத்தை 13 காட்டும். அழைக்கப்பட்ட நிரல் முதல் காரியமாக, அழைத்தவரின் ரெஜிஸ்டர்களை அந்த இடத்தில் பத்திரப்படுத்தும். கிளம்புமுன் அவற்றை மீட்டுக் கொடுக்கும். இரவல் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவது போன்ற மரியாதை இது. வேலை எப்படி முடிந்தது என்பதை 15-லேயே ஓர் எண்ணாக விட்டுச் செல்லும்: 0 என்றால் நலம், 4, 8, 12 என்று ஏற ஏறச் சிக்கல் பெரிது.

ஒவ்வொரு சேமிப்பிடமும் முந்தையதன் முகவரியைத் தாங்கியிருக்கும். நிரல் பாதியில் விழுந்தால், இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு யார் யாரை அழைத்தார்கள் என்று பின்னோக்கிப் போய்விடலாம்.

முகவரிப் பட்டியல் எங்கே முடிகிறது என்பதைக் காட்டவும் வழி வைத்தார்கள். அன்றைய முகவரி 24 பிட். அதை வைக்கும் இடமோ 32 பிட். மீதமிருந்ததில் மேல்முனை பிட்டை 1 ஆக்கினால் 'இதுதான் கடைசி' என்று பொருள். 1980-களில் முகவரியை நீட்டியபோது 32-க்குப் போகாமல் 31 பிட்டில் நின்றதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ஆனால் இந்த ஏற்பாடு தரவு எங்கே இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அது என்ன என்று சொல்வதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சி நிரல் 100 என்ற முழு எண்ணை நான்கு பைட் இருமமாக வைக்கும். அதன் கடைசி அரை பைட்டில் இருப்பது 4. அந்த இடத்தைக் கோபோல் 'காம்ப்-3' எனப்படும் பொதித்த தசம எண்ணாகப் படித்தால், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறியைத் தேடும். 4 எந்தக் குறியும் அல்ல. கணக்கில் இறங்கியதும் நிரல் நின்றுவிடும். மெயின்ஃப்ரேம்காரர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் 'சாக் செவன்' என்ற பிழை இதுதான்.

எழுத்துச் சரங்களிலும் இதே கதை. கோபோல் 20 எழுத்து இடம் ஒதுக்கினால் மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பும். சி, முடிவில் பூஜ்ய பைட் வரும்வரை படித்துக்கொண்டே போகும். இரு பரிமாண அணியை ஃபோர்ட்ரான் நெடுவரிசையாக அடுக்கும். சியும் கோபோலும் கிடைவரிசையாக அடுக்கும். இப்படி அடுக்கு மாறிய பிழையில் நிரல் நிற்காது. தவறான விடையை அமைதியாகத் தரும். அதனால் இதுவே அதிக ஆபத்து.

முன்பு ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி இயக்கச் சூழல் இருந்தது. ஒன்றில் எழுந்த பிழையை மற்றொன்று அறியாது. 1990-களில் ஐ.பி.எம். கொண்டுவந்த 'லாங்குவேஜ் என்விரான்மென்ட்' அவற்றை ஒரே கூரைக்குள் சேர்த்தது; நினைவக ஒதுக்கீடும் பிழை கையாளலும் பொதுவாயின. அதுவும்கூட 100-ஐ எந்த வடிவில் அனுப்புவது என்று முடிவு செய்து தராது. எனவே வேறு மொழித் துணை நிரலை அழைப்பவர் கட்டளையை எழுதுமுன், இரு பக்கத்துத் தரவு அறிவிப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.