சேற்றில் பிறக்கும் மின்சாரம்

ஆற்றின் அடியில் படியும் கறுப்புச் சேற்றில் ஜியோபாக்டர் என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றுச் சேற்றில் 1987இல் டெரெக் லவ்லி கண்டறிந்த இனம்.

உணவைச் செரித்தபின் மிஞ்சும் எலக்ட்ரான்களை நம் உடல் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. காற்று எட்டாத சேற்றில் ஜியோபாக்டர் அவற்றைத் தன் உடலுக்கு வெளியே, இரும்புத் துருவுக்குத் தள்ளுகிறது. துருவுக்குப் பதில் கார்பன் தகட்டை வைத்தால் அதன்மேல் படலமாகப் படர்ந்து வளரும். எலக்ட்ரான்கள் கம்பி வழியே மறுமுனைத் தகட்டுக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனைச் சேரும். அந்த ஓட்டம்தான் மின்சாரம். நுண்ணுயிர்கள் மின்சாரம் தரும் என்று இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.சி. பாட்டர் 1911லேயே காட்டியிருந்தார்.

இப்படி அமைத்த ஒரு மின்கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட். ஊருக்கு விளக்கேற்ற அது போதாது. இதன் அருமை கழிவுநீரில்தான் தெரியும். நமக்கு அசுத்தமானது இந்த நுண்ணுயிர்களுக்கு உணவு; அதைத் தின்ன அவற்றுக்குக் காற்றும் வேண்டாம். வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களோ தொட்டிகளுக்குள் காற்றை ஊதவே பெருமளவு மின்சாரத்தைச் செலவிடுகின்றன.

அசுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும். நஞ்சு கலந்தால் சட்டென்று குறையும். ஆகவே இதே கலம் நீரின் தரத்தை உணரும் கருவியும் ஆகிறது. அசுத்தத்தை அளக்கும் வழக்கமான பிஓடி சோதனைக்கு 5 நாள் காத்திருக்க வேண்டும். இது சில மணி நேரத்திலேயே சொல்லிவிடும்.