சோகம் எத்தனை கிலோ?

என் மனைவியின் தம்பிக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. கம்பெனியில் மார்ச் மாசக் கணக்கை முடிக்கிற டென்ஷன் என்று முதலில் நினைத்தோம். ஏப்ரல் போய் மே வந்தும் பையன் சரியாகவில்லை. கிரிக்கெட் பார்ப்பதைக் கூட விட்டுவிட்டான். அதுதான் எங்களுக்குக் கிலியைக் கிளப்பியது! டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். டிக் அடித்தான். 27-க்கு 12. 'நடுத்தரம்' என்றார்கள். மாமியாருக்குத் திருப்தியில்லை. அடுத்த வாரம் இன்னோர் இடம். இங்கே டாக்டரே விசாரித்து, 17 தலைப்புகளில் மார்க் போட்டார். 52-க்கு 20. 'கடுமை' என்று சொல்லிவிட்டார்!

பி.காம். மூளை சும்மா இருக்குமா? பர்சென்டேஜ் போட்டுப் பார்த்தேன். முதலாவது 44. இரண்டாவது 38. மார்க் குறைந்திருக்கிறது... வியாதி ஏறியிருக்கிறது!

'எந்தத் தராசும் சரியில்லை மாமா. இனிமே நான் எங்கேயும் வரலை' என்று மைத்துனன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். தராசு இரண்டும் சரிதான். ஆனால் வேறு வேறு தராசு! 17 தலைப்பு சமாசாரம், மாக்ஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் 1960-ல் வெளியிட்டது. அதில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று தலைப்பு. பதற்றத்துக்கு இரண்டு. ஒன்பது கேள்வித் தாளின் பெயர் பி.ஹெச்.க்யூ-9. 2001-ல் வந்தது. அதில் தூக்கத்துக்கு ஒரே கேள்வி. பதற்றத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. 'கடுமை'க்கான கட்-ஆஃப் மார்க்கும் ஆளுக்கொன்று.

இந்த மாதிரி அளவுகோல்கள் ஏகப்பட்டது உண்டு. ஐகோ ஃப்ரைட் என்ற ஆய்வாளர் 2017-ல் பிரபலமான ஏழு அளவுகோல்களை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். மொத்தம் 52 அறிகுறிகள். அதில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் ஏதாவது ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது. வியாதிக்குப் பெயர் என்னவோ ஒன்றுதான்... மனச்சோர்வு!

ஒரு வீட்டுக்கே இந்தக் குழப்பம் என்றால் ஆராய்ச்சி என்ன ஆகும்? ஒரு ஊரில் இந்தத் தாள், இன்னோர் ஊரில் அந்தத் தாள். எந்த வைத்தியம் மேல் என்று எப்படிக் கூட்டிப் பார்ப்பது? படியில் அளந்த அரிசியையும் முழம் போட்ட பூவையும் சேர்த்து டோட்டல் போட்டால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா, ஸார்?

கூட்டிப் பார்த்தால் பலன் உண்டு. மனச்சிதைவு நோயின் மரபணு ஆராய்ச்சியில், பல நாட்டு ஆய்வாளர்கள் 2007 முதல் தங்கள் தகவல்களை ஒரே இடத்தில் கொட்டினார்கள். 2014-ல் சுமார் 37,000 நோயாளிகளையும் 1,13,000 மற்றவர்களையும் ஒப்பிட்டு, நோயோடு சம்பந்தமுள்ள 108 மரபணு இடங்களைக் கண்டார்கள். தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் நடக்கிற காரியமா!

அதனால்தான் 2020-ல் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும், அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனமும் ஒரு முடிவுக்கு வந்தன. 'எங்கள் பணத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேறு எந்த அளவுகோலையும் வைத்துக்கொள்ளட்டும். கூடவே இந்தப் பொது அளவுகோல்களும் வேண்டும்.' பெரியவர்களின் மனச்சோர்வுக்கு அதே ஒன்பது கேள்வி. பதற்றத்துக்கு ஏழு கேள்வி. இரண்டுமே இலவசம். தமிழிலும் உண்டு.

உடனே எதிர்ப்பு வந்தது. யாரிடமிருந்து? 52 அறிகுறிகளை எண்ணிச் சொன்னாரே, அதே ஃப்ரைட்! ஒரே தாளைக் கட்டாயமாக்கினால், அதில் உள்ளதுதான் வியாதி என்று ஆகிவிடும் என்பது அவர் கட்சி. நியாயம்தான். நம் ஊரில் 'மனசு பாரமா இருக்கு', 'உடம்பெல்லாம் வலிக்குது' என்றுதான் சொல்கிறோம். ஒன்பதில் உடம்பு வலிக்கு இடமில்லை. பொதுத் தராசு வேண்டும். அதில் நம்முடைய எடைக்கல்லும் இருக்க வேண்டும்.

தகவலைப் பகிர்வது என்றால் பெயரோடு பகிர்வது அல்ல. 2017-ம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது.

இதையெல்லாம் மைத்துனனுக்கு விளக்கினேன். 'ஒரே டாக்டர், ஒரே தாள். மார்க் ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாரு' என்றேன். எழுந்து வந்தான். (உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், அரசின் டெலி-மனஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம்.)

போன வாரம் 27-க்கு 7.

'உன் தாளை ஆராய்ச்சிக்குக் கேட்டால் கொடுப்பியா?'

'பேரை அடிச்சிட்டு எடுத்துக்கட்டும் மாமா. என்னோட 12 யாருக்காவது உதவினா சரி' என்றவன், ரிமோட்டைத் தேடினான்.

இந்தியா பேட்டிங்!