எந்தக் கடற்கரைக்குச் செல்வது?

விடுமுறை நெருங்கியதும் கடலுக்குப் போகவேண்டும் என்று குழந்தைகள் கேட்கத் தொடங்குகிறார்கள். பெரியவர்களும் மகிழ்ச்சியோடு இசைகிறார்கள். உடனே எந்தக் கடற்கரை அழகானது என்ற பேச்சு எழுகிறது. ஒருவர் கோவாவைச் சொல்வார். மற்றொருவர் பூரியைச் சொல்வார். அந்தமானுக்குப் போய் வந்தவரோ வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். படங்களைப் பார்த்து, விடுதிக் கட்டணங்களை ஒப்பிட்டு, இறுதியில் ஓர் இடத்தை முடிவு செய்து விடுகிறோம். நாம் போகும் மாதத்தில் அந்தக் கடல் எவ்வாறு இருக்கும் என்பதை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே ஆகும். இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் நீளமுடையது என்று பாடநூல்களில் நெடுங்காலம் படித்து வந்தோம். வளைவு நெளிவுகளையெல்லாம் நுட்பமாகச் சேர்த்து அளந்ததில், அது 11,098 கிலோமீட்டர் என்று அண்மையில் கணக்கிடப்பட்டிருக்கிறது. இத்தனை நீண்ட கரையில் எல்லா இடங்களிலும் கடல் ஒரே குணமுடையதாக இருத்தல் இயலாது. ஒரே நாளில் ஓரிடத்தில் அது குளம்போல் அமைதியாகக் கிடக்கும்; வேறோரிடத்தில் ஆள் உயர அலைகளை எழுப்பிக் கரையை மோதும். ஆகவே, அழகைப் பார்ப்பதற்கு முன் பருவத்தையும், கரையின் அமைப்பையும், அங்குள்ள காவலையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

பருவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அந்த நான்கு மாதங்களும் குஜராத்திலிருந்து கேரளம் வரையுள்ள மேற்குக் கரையில் அரபிக் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். மழையில் நனைந்த கோவாவும் கொங்கணமும் கண்ணுக்குப் பேரழகு. ஆனால் அக்கடல் அப்பொழுது குளிப்பதற்கு உரியதன்று. மும்பைக் கரைகளில் நச்சுக் கொடுக்குள்ள நீலநிறச் சொறிமீன்கள் ஒதுங்குவதும் இந்த மழைக்காலத்தில்தான். அக்டோபர் பிறந்து மழை ஓய்ந்த பின்னர் அரபிக் கடல் படிப்படியாக அடங்குகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் கரைக்குச் செல்ல நல்ல காலம்.

கிழக்குக் கரையின் கணக்கு வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டிலும் ஆந்திரத்தின் தென்பகுதியிலும் பெய்கிறது. வங்கக் கடலில் புயல்கள் பெரும்பாலும் இம்மாதங்களிலும், மழைக்கு முந்திய மே மாதத்திலும் உருவாகின்றன. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலை எவரும் மறக்கமாட்டார்கள். 2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் ஃபானி புயல் பூரிக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. ஆகையால் பூஜை விடுமுறைக்குப் பூரிக்கோ விசாகப்பட்டினத்திற்கோ புறப்படுகிறவர்கள், பயணச் சீட்டு வாங்கிய பிறகும் வானிலை அறிக்கையைத் தவறாது கேட்கவேண்டும். சுருங்கச் சொன்னால், இரு கரைகளுக்கும் பொதுவாக ஏற்ற மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியுமே. பள்ளி விடுமுறை வாய்க்கும் ஏப்ரல், மே மாதங்களில் கடலுக்குச் சென்றால் காலையிலும் மாலையிலும் மட்டும் கரையில் இருந்து, நண்பகலை நிழலில் கழிக்கும்படி திட்டமிடுதல் நலம்.

அடுத்தது கரையின் சரிவு. இதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. வெறுங்காலோடு மணலில் நடந்து பார்த்தாலே போதும். பரும்படியான மணல் உள்ள கரை பொதுவாகச் செங்குத்தாகச் சரியும். மாவுபோன்ற நுண்மணல் இறுகிக் கிடக்கும் கரை மெல்லச் சரியும். பருமணலில் அலைநீர் விரைவில் கீழே இறங்கிவிடுவதால், திரும்பி ஓடும் நீர் மணலை இழுத்துச் செல்ல வலிமையற்றுப் போகிறது. மணல் மேலேயே குவிந்து கரை செங்குத்தாகிறது. அத்தகைய கரையில் அலை நீர்விளிம்பிற்கு அருகிலேயே ஓங்கி மடிந்து விழும். நான்கு அடி வைப்பதற்குள் ஆழம் வந்துவிடும். மெல்லச் சரியும் கரையிலோ அலை தொலைவிலேயே உடைந்து, நுரையாகி, வலுவிழந்து காலடிக்கு வரும். குழந்தைகளோடு செல்வோர் நாடவேண்டியது இத்தகைய கரையையே.

ஓதத்தையும் அறிந்திருக்க வேண்டும். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. குஜராத்தின் காம்பத் வளைகுடாவிலோ அது பல மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டத்திலுள்ள சாந்திப்பூரில், வற்றத்தின்போது கடல் 5 கிலோமீட்டர் வரை பின்வாங்கிச் சென்றுவிடுகிறது. காலையில் அலை பார்த்த இடத்தில் நண்பகலில் ஈர மணலும் நண்டுகளும் மட்டுமே இருக்கும். கடலின் படுகையிலேயே உலாவுவது குழந்தைகளுக்குப் பெரிய வேடிக்கை. ஆனால் போன கடல் திரும்பி வரும் நேரத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்டறிந்த பிறகே உள்ளே நடக்கவேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் மிகுதி.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் குடும்பத்துடன் பூரிக்குச் சென்றிருந்தோம். அங்கே கடலில் நீராட வருவோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நோளியா என்னும் மீனவர்கள் உண்டு. தெலுங்கு பேசும் இவர்கள் கூம்பு வடிவான வெண்தொப்பி அணிந்திருப்பார்கள். நெய்தல் நில மக்களை நுளையர் என்று நம் பழைய நூல்கள் கூறுவதை இப்பெயர் நமக்கு நினைவூட்டிற்று. நம்முடன் வந்த சிறுவன் ஒருவன், இருபுறமும் அலை சீறி உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக இருப்பதைக் கண்டு, “அங்கே குளிக்கலாம், அங்கே அலையே இல்லை” என்று ஓடினான். முதிய நோளியா ஒருவர் பாய்ந்து அவன் கையைப் பற்றி நிறுத்தினார். பிறகு ஒரு காய்ந்த தென்னை மட்டையை எடுத்து அந்த அமைதியான நீரில் எறிந்தார். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரைக்கு வராமல், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோலக் கடலுக்குள் சென்று மறைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எவ்வழியாகவேனும் திரும்பிச் செல்லவேண்டும் அன்றோ? மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளமான ஒரு வழி கிடைத்தால், அந்நீர் முழுதும் அதில் திரண்டு, ஆறுபோல் கடலை நோக்கிப் பாய்கிறது. அங்கே ஆழம் மிகுதியாதலால் அலை உடைவதில்லை. ஆகவே பார்வைக்கு அது அமைதியாகத் தோன்றுகிறது. சூழவுள்ள நீரைவிடக் கருத்தோ, மணல் கலங்கியோ, நுரை கடல்நோக்கி மிதந்து செல்வதாகவோ காணப்படும். வேகமான இழுப்பில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வரை ஓடக்கூடும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதனை எதிர்த்து நீந்திக் கரையேற முடியாது. இழுப்பு மனிதரைக் கீழே அமிழ்த்துவதில்லை; வெளியே கொண்டு செல்கிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதனாலேயே உயிர் போகிறது. அதில் அகப்பட்டவர் பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். வலுவிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பின் அகலத்தைக் கடந்து, பிறகு அலைகளோடு கரை திரும்பவேண்டும். கரையிலிருப்பவர் நீந்தத் தெரிந்த துணிவில் குதித்துவிடலாகாது. கயிறோ, மூடிய வெற்றுத் தகரமோ, மிதக்கும் எதுவோ எறிந்து, காவலரைக் கூவியழைத்து, 112 என்ற எண்ணுக்குச் சொல்வதே முறை. ஒருவரைக் காக்கச் சென்று மற்றொருவரும் மாண்ட துயரங்கள் பல.

வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருந்தால் கடல் நம்பத்தக்கது என்று எண்ணுவதும் தவறு. தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயற்காற்றின் பேரலைகள், சில நாட்கள் பயணம் செய்து, எவ்வித அறிகுறியும் இன்றி நம் கரையில் ஏறுவதுண்டு. கேரள மீனவர்கள் இதனைக் கள்ளக்கடல் என்கிறார்கள். கள்வன்போல் வருவதால் வந்த பெயர். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் கோடை விடுமுறையின்போதே அது வருகிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் அலையில் சிக்கி மாண்டது இத்தகைய நாட்களில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வலைகளை முன்னறிந்து எச்சரிக்கை விடுக்கிறது. வானொலியிலும் செய்தித்தாளிலும் வரும் அந்த எச்சரிக்கை மீனவர்க்கு மட்டும் உரியதன்று. விடுமுறைக்குச் செல்லும் நமக்கும் உரியது.

இவற்றை மனத்திற் கொண்டு, யாரோடு செல்கிறோம் என்பதற்கேற்ப இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தூய்மையும் உயிர்காப்போரும் கழிப்பிட வசதியும் வேண்டுவோர்க்கு நீலக்கொடி என்னும் சான்று ஒரு நல்ல வழிகாட்டி. 1985-இல் பிரான்சில் தோன்றிய இச்சான்றை, டென்மார்க்கிலுள்ள ஒரு சர்வதேச அமைப்பு, நீரின் தூய்மை, பாதுகாப்பு முதலிய 33 விதிகளைச் சோதித்து வழங்குகிறது. 2020-இல் முதன்முதலாக இந்தியாவில் எட்டுக் கரைகள் இதைப் பெற்றன: துவாரகைக்கு அருகிலுள்ள சிவராஜ்பூர், தியூவின் கோக்லா, கர்நாடகத்தின் காசர்கோடு, படுபித்ரி, கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள காப்பாடு, விசாகப்பட்டினத்தின் ருஷிகொண்டா, பூரியின் பொற்கரை, அந்தமானின் ராதாநகர் என்பவை அவை. அடுத்த ஆண்டு சென்னைக்கு அருகிலுள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கரையும் சேர்ந்தன. இச்சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. ஆதலால் புறப்படுமுன் இப்பொழுதும் அது இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்க.

அலையே இல்லாத தெளிந்த நீரை விரும்புவோர்க்குப் பவளத்திட்டு அரண்போல் சூழ்ந்த லட்சத்தீவின் காயல்கள் ஏற்றவை. அங்கே செல்ல முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அந்தமானிலும் இத்தகைய இடங்கள் உண்டு. ஆயினும் சில பகுதிகளில் உவர்நீர் முதலைகள் நடமாடுவதால், எச்சரிக்கைப் பலகைகளை மதித்தல் அவசியம். முதியோர்க்குக் கடலில் இறங்குவதைவிடக் காற்று வாங்கி அமர்வதே இன்பம். வண்டி கரைவரை செல்லும் வழியும், நிழலும், மருத்துவ வசதியும் உள்ள ஊரே அவர்களுக்கு உகந்தது. சென்னை மெரினாவைப் போன்ற நகரக் கரைகளின் பயனும் அதுவே. அங்கே குளிக்கத் தடை உண்டு. உலாவுவதற்கு அதைப்போல் விசாலமான இடம் கிடைப்பது அரிது.

கரையை அடைந்ததும் முதலில் கொடியைப் பாருங்கள். மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே உள்ள நீர் காவலுக்குட்பட்டது; அங்கே மட்டும் குளிக்கலாம். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கலாகாது. கொடியும் காவலரும் இல்லாத கரையில், வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரை அணுகி, இங்கே இழுப்பு உண்டா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அன்று மணலில் வீடு கட்டி விளையாடித் திரும்புவதில் குறையொன்றும் இல்லை. நனைந்த புடவையும் வேட்டியும் காலைச் சுற்றிக்கொள்ளும். இறுக்கமான சிற்றுடையே நீருக்கு ஏற்றது. மது அருந்தியவரையும், இருட்டிய பிறகு எவரையும் கடலில் இறங்க விடாதீர்கள். குழந்தையை நீர்விளிம்பில் விட்டுவிட்டுப் புகைப்படம் எடுக்கத் திரும்புதல் வேண்டாம்.

நாம் மறுநாளும் அந்த முதிய நோளியாவிடமே சென்றோம். அன்று அவர் வேறோர் இடத்தைக் காட்டினார். முதல் நாள் இழுப்பு ஓடிய இடத்திலேயே சிறுவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இரவில் மணல் இடம் மாறிவிட்டது. ஆகவே, நேற்று பார்த்த கடல்தானே என்ற எண்ணமின்றி, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டறிந்து இறங்குவோமாக. வீட்டிலிருந்து புறப்பட்ட அத்தனை பேரும் மணல் ஒட்டிய கால்களோடு வீடு திரும்பினால், நாம் தேர்ந்தெடுத்த கடற்கரை நல்ல கடற்கரைதான்.