பச்சை குத்தும் முன் பலகையில் ஒரு பார்வை

எங்கள் அம்மாவின் முன்கையில் பச்சையில் ஒரு சிறு கோலம் இருந்தது. சிறுமியாக இருந்தபோது குறத்தி குத்தியது. போன மாதம் இங்கே நாக்பூரில் என் இளைய மகள், பாட்டியின் பெயரைத் தமிழில் தன் கையில் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "எழுத்து சரியா இருக்கான்னு பார்க்கவாவது வாங்கப்பா" என்றாள். போனேன்.

குத்துபவர் ஒரு மராத்தி இளைஞர். அவர் மேசையில் பென்சில், ரப்பர் எதுவும் இல்லை; தட்டையான பலகையும் ஒரு பேனாவும்தான். பேனாவில் பாட்டரி கிடையாது. பலகைக்கு அடியில் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை உண்டாக்கும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் உள்ள கம்பிச்சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். உயர்ரகப் பலகைகள் அழுத்தத்தை 8,192 படிகளாகப் பிரித்தறியும். லேசாக இழுத்தால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு.

என்னைக் கவர்ந்தது 'லேயர்' என்னும் ஏற்பாடு. டிராயிங் ஆபீஸில் ஒரு டிரேசிங் தாளின் மேல் இன்னொன்றை வைத்து வரைவோமே, அதேதான். அடித்தாளில் மகளின் கையைப் படம்பிடித்து வைத்து, மேல்தாளில் வரைந்தார். பிடிக்காததை அழித்தாலும் அடியில் இருப்பது கெடாது.

வரைந்து முடிந்தால் ஒரு சிறு வெப்ப இயந்திரம் அதை ஊதாநிற ஸ்டென்சிலாக எடுத்துத் தருகிறது. மை தாளின் பின்புறம் படிவதால் அங்கே எழுத்து இடவலம் மாறித் தெரியும். தோலில் ஒட்டி எடுத்தால் நேராகிவிடும். அதன்மேல்தான் ஊசி. இந்த ஊசி இயந்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரதி எடுப்பதற்காக எடிசன் 1876-இல் மின்பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதே தத்துவத்தில் நியூயார்க்கின் சாமுவேல் ஓரைலி 1891-இல் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திரையில் 'செல்லம்மாள்' என்று அவர் தட்டச்சு செய்தபோது, ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் லகரத்தோடு ஒட்டிக்கொண்டது! கணினியின் நினைவில் முதலில் சகரம், பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும்போது இடம் மாற்ற வேண்டும். சில வரைகலை மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. பாவம், தமிழ் தெரியாத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நான் போகாதிருந்தால் அப்படியே தோலில் ஏறியிருக்கும்.

என் கைபேசியில் பெயரைச் சரியாக அடித்து, எழுத்தாக அல்லாமல் படமாக அனுப்பினேன். அதை மங்கலாக அடித்தாளில் வைத்து, மேலே பேனாவால் வரையச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: காலப்போக்கில் மை தோலுக்குள் சற்றுப் பரவும். பொடியாக எழுதினால் 'ண', 'ன' சுழிகள் அடைந்துவிடும்; மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே எழுத்தைப் பெரிதாக்கி, மூன்று புள்ளிகளையும் சற்று மேலே தூக்கி வைத்தார். ஸ்டென்சில் ஒட்டிய பிறகும், ஊசி தொடுமுன், ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

குத்தி முடிக்க நாற்பது நிமிடம். ஓராண்டுக்கு ரத்ததானம் செய்ய முடியாது என்று மகளிடம் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. வீடு திரும்பும் வழியில், பாட்டியின் கையில் இருந்த கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. ஊரிலுள்ள அக்காவுக்குத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.